பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணப் பழகுவோருக்கு: எண்ணிக்கை தவறும் இடங்களும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

21-ஐத் தாண்டாமல் டீலரைவிட (காசினோவுக்காகச் சீட்டு போடுபவர்) அதிகத் தொகை சேர்க்க முயலும் பிளாக்ஜாக் ஆட்டத்தில் சீட்டுகளை எண்ணுவதற்குத் தேவைப்படும் கணக்கு, ஆரம்பப் பள்ளியில் கற்கும் கூட்டல், கழித்தல், வகுத்தலைத் தாண்டுவதில்லை. இருந்தும் பழகத் தொடங்குவோர் பலவிதமாகத் தடுமாறுகிறார்கள். அதற்குப் பெரிய காரணம், மேசையில் பணம் போனால் எண்ணிக்கை தவறிவிட்டது என்றும், பணம் வந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தது என்றும் அவர்கள் முடிவு செய்துகொள்வதுதான் என்பது என் கருத்து. ஒரு மாலையின் வரவும் செலவும் எண்ணிக்கையின் தரத்தைப் பற்றி ஏறத்தாழ எதையுமே சொல்வதில்லை. ஒவ்வொரு பிழைக்கும் தனி அறிகுறி உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு பைசாகூடப் பந்தயம் வைக்காமல், வீட்டில் இரண்டு மூன்று சீட்டுக்கட்டுகளை வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே கூறப்படுவன யாவும் ஹை-லோ முறையைச் சார்ந்தவை. எட்வர்டு தார்ப் 1962-இல் சீட்டு எண்ணும் வழியைப் பொதுமக்களுக்கு வெளியிட்டதைத் தொடர்ந்து, 1963-இல் ஹார்வி டப்னர் முன்வைத்த முறை இது, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜூலியன் பிரான் இதைக் கணினியின் துணையோடு செம்மைப்படுத்தினார். 2 முதல் 6 வரையுள்ள சீட்டு ஒவ்வொன்றுக்கும் +1. 7, 8, 9 ஆகியவற்றுக்கு 0. 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஆகியவற்றுக்கு −1. இவ்வாறு கூட்டிக்கொண்டே வரும் தொகை ஓடும் எண்ணிக்கை எனப்படும். அதை இன்னும் ஆட்டத்தில் போடப்படாமல் மீதமுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது உண்மை எண்ணிக்கை. சிறிய சீட்டுகள் அதிகமாக வெளியேறிவிட்டால், மீதியில் பத்து மதிப்புச் சீட்டுகளும் (10, ஜாக், ராணி, ராஜா) ஏஸ்களும் செறிந்திருக்கும். அப்போது, முதல் இரண்டு சீட்டுகளிலேயே ஏஸும் ஒரு பத்தும் சேர்ந்து ஒன்றரை மடங்கு தரும் பிளாக்ஜாக் கை அமையும் வாய்ப்பு கூடுகிறது, 12 முதல் 16 வரையுள்ள கையோடு மேலும் சீட்டு எடுத்தே ஆகவேண்டிய டீலர் 21-ஐத் தாண்டிவிடும் வாய்ப்பும் கூடுகிறது.

ஒரு கட்டை எண்ணி முடித்தபின் பூஜ்யம் வருவதில்லை

ஒரு கட்டில் +1 பெறும் சீட்டுகள் 20, −1 பெறும் சீட்டுகள் 20, மதிப்பற்றவை 12. ஆகவே 52 சீட்டுகளையும் எண்ணி முடித்தால் 0 வந்தாக வேண்டும். வராவிட்டால் முதலில் கட்டையே சந்தேகிக்க வேண்டும். ஜோக்கர் கலந்திருப்பதும், ஏதேனும் ஒரு சீட்டு முன்பே தொலைந்திருப்பதும் பழைய கட்டுகளில் சாதாரணம்.

கட்டு சரியாக இருந்தால், இறுதியில் நின்ற எண்ணே பிழையின் வகையைக் காட்டிக்கொடுக்கும். விடை 1 கூடவோ குறையவோ இருந்தால், ஒரு சீட்டை விட்டுவிட்டீர்கள், அல்லது இருமுறை எண்ணினீர்கள், அல்லது 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றுக்கு மதிப்பு கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். இவற்றில் 7-ஐச் சிறிய சீட்டாகவும் 9-ஐப் பெரிய சீட்டாகவும் கொள்ளும் தவறே தொடக்கத்தில் அதிகம். வித்தியாசம் 2 என்றால், பெரும்பாலும் குறி மாறிப்போயிருக்கிறது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறீர்கள், அல்லது கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள். இந்தக் குறிமாற்றம் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போதுதான் அதிகம் நிகழ்கிறது: −4-இல் நிற்கும்போது ஒரு சிறிய சீட்டு விழுந்தால் −3 என வரவேண்டும், "ஒன்று கூட்டு" என்ற பழக்கத்தினால் மனம் −5-க்குப் போய்விடுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எட்டுப் பெரிய சீட்டுகளைத் தனியே எடுத்துக் கட்டின் மேல் வைத்துவிட்டு, கீழுள்ள சீட்டுகளை மட்டும் கலைத்துக்கொள்ளுங்கள். அப்போது எண்ணிக்கை −8-இல் தொடங்கி, ஏறக்குறைய முழுக் கட்டும் பூஜ்யத்துக்குக் கீழேயே நடக்கும். இந்தக் கட்டில் மட்டும் பிழை வந்து, சாதாரணமாகக் கலைத்த கட்டில் வராவிட்டால் காரணம் உறுதியாகிவிட்டது. சில நாள் இப்படி அடுக்கிய கட்டிலேயே பழகுவது போதும்.

பூஜ்யம் வந்துவிட்டது என்பதையும் முழுமையாக நம்பிவிடக்கூடாது. ஒரு பிழை மற்றொன்றை ஈடுகட்டியிருக்கலாம். எதிர்பார்க்கும் விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால் மனம் தானாகவே அதை நோக்கிச் சாயவும் கூடும். எனவே, கலைத்த கட்டிலிருந்து மூன்று சீட்டுகளைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதி 49 சீட்டுகளை எண்ணுங்கள். விடை +1 எனில் மறைந்திருக்கும் மூன்றின் கூட்டுத்தொகை −1 ஆக இருக்க வேண்டும். +1-இல் நின்ற எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது அதுதான். திருப்பிப் பார்த்துச் சரிபார்க்கலாம். தெரியாத விடையைத் தேடும் இந்தப் பயிற்சியையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

விடை சரி, ஆனால் வேகம் போதவில்லை

ஒரு கட்டை 30 விநாடிக்குள் எண்ணி முடிப்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் இலக்கு. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் பொதுவாக ஒவ்வொரு சீட்டின் பெயரையும் மனத்துக்குள் வாசிக்கிறீர்கள், அதன்பின் மதிப்பாக மாற்றுகிறீர்கள், அதன்பின் கூட்டுகிறீர்கள். மூன்று வேலை நடக்கிறது. பெயரை வாசிக்கும் முதல் வேலையை நீக்க வேண்டும். உதடு அசைகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்ல சோதனை.

அடுத்த படி, சீட்டுகளை இரண்டு இரண்டாகத் தள்ளுவது. ராஜாவும் 5-உம் சேர்ந்து வந்தால் அது ஒன்றுமில்லை. கண் அதைக் கடந்துவிட வேண்டும். இரண்டு படச் சீட்டுகள் −2, ஒரு 3-உம் ஒரு 8-உம் +1. மேசையில் ஒவ்வொருவருக்கும் முதலில் இரண்டு சீட்டுகளே தரப்படுவதால், இந்த இணைப் பழக்கம் அங்கே அப்படியே பயன்படும். ஒன்றையொன்று நீக்கும் இணைகளை மட்டும் முதலில் கண்டு ஒதுக்கப் பழகினால், வேகம் குறுகிய காலத்திலேயே கூடும். பிழையோடு 20 விநாடியில் முடிப்பதைவிட, பிழையின்றி 40 விநாடியில் முடிப்பது மேல். வேகம் பின்னால் வரும், தவறான பழக்கமோ போகாது.

வீட்டில் சரியாக வருகிறது, மேசையில் எண்ணிக்கை தொலைந்துவிடுகிறது

மிக அதிகமானோர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருப்பதால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம், அடிப்படை உத்தி இன்னும் மனப்பாடமாகவில்லை. எந்தக் கைக்குச் சீட்டு வாங்குவது, எதற்கு நிற்பது, எதற்குப் பந்தயத்தை இரட்டிப்பது, எந்தச் சம மதிப்பு இணையை இரண்டு கைகளாகப் பிரிப்பது என்பதை 1956-இல் ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மெய்செல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் ஆகிய நால்வர் மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டே கணித்து வெளியிட்டனர். இன்று அது ஒரு சிறு அட்டவணையாக எல்லோருக்கும் கிடைக்கிறது. டீலரின் 6-க்கு எதிரே ஏஸும் 7-உம் சேர்ந்த கையை என்ன செய்வது என்று நீங்கள் ஒரு விநாடி யோசிக்க நேர்ந்தால், அந்த விநாடியில்தான் எண்ணிக்கை நழுவுகிறது. இதைச் சோதிக்க, எண்ணாமல் வெறும் உத்தியை மட்டும் நூறு கைகளுக்கு ஆடிப் பாருங்கள். தயக்கம் இருந்தால் எண்ணும் பயிற்சியை நிறுத்திவைத்து, அட்டவணையை முதலில் முடியுங்கள்.

இரண்டாவது காரணம், எந்தச் சீட்டை எப்போது எண்ணுவது என்ற ஒழுங்கு இல்லாமை. டீலர் முதல் சீட்டைப் போடும்போதே துரத்திக்கொண்டு எண்ணுவதில் பயனில்லை. எல்லோரிடமும் இரண்டு சீட்டுகள் வந்து சேரும் வரை காத்திருந்து, இரண்டாம் சுற்று முடியும் தறுவாயில் ஒவ்வொரு கையையும் இணையாக எண்ணிக்கொண்டு வந்து, டீலரின் திறந்த சீட்டில் முடியுங்கள். அதன்பின் விழும் ஒவ்வொரு சீட்டையும் விழுந்தவுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுதியில் டீலர் திருப்பிக் காட்டும் மறைசீட்டும், அவர் மேலும் எடுக்கும் சீட்டுகளும் மட்டும் மீதமிருக்கும். டீலரின் திறந்த சீட்டைத் தொடக்கத்தில் ஒருமுறையும், மறைசீட்டைத் திருப்பும்போது மறுமுறையும் எண்ணிவிடுவது மிகப் பரவலான தவறு. ஒவ்வொரு ஆட்டமும் 1 என்ற அளவில் எண்ணிக்கை விலகினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். 21-ஐத் தாண்டிய கைகளை டீலர் உடனே வாரி எடுத்துவிடுவார் என்பதால், கடைசியாக விழுந்த சீட்டை அவர் எடுக்கும் முன் சேர்த்துவிட வேண்டும். தொடக்கத்தில் முகம் காட்டாமல் ஒதுக்கப்படும் சீட்டை எண்ண வேண்டியதில்லை; நீங்கள் பார்க்காத எந்தச் சீட்டும் இன்னும் கட்டுக்குள் இருப்பதற்குச் சமம்.

மூன்றாவது காரணம் சத்தமும் பேச்சும். பக்கத்தில் இருப்பவர் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு எண்ணை மறந்துவிடுகிறீர்கள். வீட்டில் முழு அமைதியில் மட்டுமே பழகியதன் விளைவு இது. தொலைக்காட்சியில் கிரிக்கெட் வருணனை ஓடும்போதும், வீட்டார் ஒருவரிடம் கடைக் கணக்கைப் பேசிக்கொண்டும் எண்ணிப் பழகுங்கள். எண்களே காதில் விழும் சூழல் மிகக் கடினமானது. அதனால்தான் அது மிகப் பயனுள்ளது. எண்ணிக்கை ஒருமுறை தொலைந்துவிட்டால் ஊகித்துத் தொடரக்கூடாது. அடுத்த கலைப்பு வரை மிகச் சிறிய பந்தயத்தோடு இருங்கள், அல்லது எழுந்துவிடுங்கள்.

ஓடும் எண்ணிக்கை சரி, உண்மை எண்ணிக்கை தவறுகிறது

ஆறு கட்டு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் எண்ணிக்கை +6. ஆடி முடித்த சீட்டுகளை வைக்கும் தட்டில் இரண்டு கட்டுகள் உள்ளன. மீதம் நான்கு கட்டுகள் என்பதால் உண்மை எண்ணிக்கை +1.5. இதையே சிலர் தட்டில் தெரியும் இரண்டால் வகுத்து +3 எனக் கொண்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது ஆடி முடித்தவை, வகுக்க வேண்டியதோ மீதமுள்ளவை என்பதால் ஏற்படும் குழப்பம் இது. உங்கள் பந்தயம் ஒவ்வொரு கலைப்பின் தொடக்கத்திலும் அதிகமாகவும், முடிவில் குறைவாகவும் இருப்பதைக் கண்டால் இந்தத் தவறு நிகழ்கிறது என்று கொள்ளலாம்.

மற்றொரு காரணம், தட்டின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் உள்ள பிழை. ஒரு கட்டின் தடிமன் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். இந்த மதிப்பீட்டில் அரைக் கட்டு பிசகினால் தொடக்கத்தில் பெரிதாக எதுவும் ஆகாது: +8-ஐ 5.5-ஆல் வகுத்தாலும் 5-ஆல் வகுத்தாலும் விடை ஒன்றரைக்கு அருகில்தான். ஆனால் மீதம் ஒன்றரைக் கட்டு இருக்கும்போது அதை இரண்டு என்று கொண்டால், 5.3 என வரவேண்டியது 4 ஆகிவிடுகிறது. பெரிய பந்தயங்கள் வைக்கப்படுவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆகவே மதிப்பீட்டுப் பயிற்சியை நிறைந்த தட்டோடு செய்ய வேண்டும். பழைய கட்டுகள் ஆறை வாங்கி, யாரையேனும் ஒரு பகுதியை எடுத்து வைக்கச் சொல்லி, அரைக் கட்டு நுட்பத்தில் மதிப்பிட்டுவிட்டு, பின்னர் எண்ணிச் சரிபாருங்கள்.

வகுத்தல்தான் உங்களைத் தடுக்கிறது என்பது உறுதியானால், வகுத்தலே தேவைப்படாத முறைகளும் உள்ளன. நாக்-அவுட் எனப்படும் முறையில் 7-க்கும் +1 தரப்படுகிறது. ஆறு கட்டு ஆட்டத்தை −20-இலிருந்து தொடங்கி, ஓடும் எண்ணிக்கையை மட்டுமே கொண்டு முடிவெடுக்கலாம். அதற்கு மாறுவதில் குறைவு எதுவும் இல்லை. பிழையோடு ஆடும் ஹை-லோவைவிடப் பிழையின்றி ஆடும் நாக்-அவுட் நிச்சயமாக மேலானது.

எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது, இருந்தும் தோற்கிறேன்

இது பெரும்பாலும் பிழையின் அறிகுறி அன்று. உண்மை எண்ணிக்கை +3 என்பது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மீதமுள்ள சீட்டுகளில் கட்டு ஒன்றுக்குச் சிறிய சீட்டுகளைவிடப் பெரிய சீட்டுகள் சராசரியாக மூன்று அதிகம் என்பதுதான் அதன் பொருள். 20-க்கு 20 என்று இருக்க வேண்டியது 21.5-க்கு 18.5 என்று இருக்கிறது. இவ்வளவு சிறிய சாய்வைக் கொண்டு, அடுத்து வருவது ராஜாதான் என்று யாரும் சொல்ல முடியாது. டீலருக்கும் அதே சீட்டுகளிலிருந்துதான் சீட்டு வருகிறது. உயர்ந்த எண்ணிக்கையிலும் டீலர் வெல்லும் கைகளே எண்ணிக்கையில் அதிகம். ஆட்டக்காரரின் ஆதாயம், பிளாக்ஜாக்குக்குக் கிடைக்கும் ஒன்றரை மடங்கிலிருந்தும், நல்ல நேரத்தில் இரட்டிக்கவும் பிரிக்கவும் அவருக்கு மட்டும் உள்ள உரிமையிலிருந்தும் வருகிறது.

எண்களில் சொன்னால், நல்ல விதிகளுள்ள மேசையில் அடிப்படை உத்தியோடு ஆடினால் காசினோவுக்கு உள்ள சாதகம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு. உண்மை எண்ணிக்கை 1 கூடும்போதெல்லாம் சாதகம் ஆட்டக்காரர் பக்கம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு நகர்கிறது. ஆகவே +1-இல் இருவரும் சமம், +3-இல் ஆட்டக்காரருக்கு 1 விழுக்காடு. +3-இல் மட்டுமே 100 கைகள் ஆடினால் எதிர்பார்க்கக்கூடிய ஆதாயம் ஒரே ஒரு பந்தய அலகு. அதே 100 கைகளில் தற்செயலால் ஏற்படும் ஏற்றத்தாழ்வின் திட்ட விலக்கமோ 11 அலகுக்கும் மேல். சாதகம் உங்கள் பக்கம் இருக்கும்போதே பத்து அலகுகளை இழப்பது அசாதாரணமான நிகழ்ச்சியே அன்று. இந்தச் சிறு ஆதாயம் தற்செயலை மீறித் தெளிவாகத் தெரிவதற்குப் பல்லாயிரக்கணக்கான கைகள் ஆக வேண்டும்.

எனவே தோற்ற இரவுக்குப் பிறகு செய்ய வேண்டியது, மேலே சொன்ன மூன்று சீட்டுச் சோதனையையும் தட்டு மதிப்பீட்டையும் மறுபடி செய்து பார்ப்பதே. அவை சரியாக இருந்தால் முறையை மாற்றாதீர்கள். வென்ற இரவுக்குப் பிறகும் இதையே செய்ய வேண்டும். பிழையோடு ஆடி வென்றவருக்குத்தான் இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

எண்ணிக்கை உயர்வதே இல்லை

உங்களிடம் குறை இல்லை, மேசையில்தான் குறை இருக்கிறது. ஆடிய சீட்டுகளை உடனுக்குடன் இயந்திரத்துக்குள் போட்டு இடைவிடாமல் கலைக்கும் மேசைகளில் எண்ணுவதால் பயனில்லை. கணினி ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கும் திரை ஆட்டங்களும் அப்படியே. கையால் கலைக்கும் மேசையிலும், எந்த இடத்தில் மறுபடி கலைப்பது என்பதைக் குறிக்கும் வெட்டுச் சீட்டு எங்கே வைக்கப்படுகிறது என்று பாருங்கள். ஆறு கட்டுகளில் ஒன்றரைக் கட்டை ஒதுக்கினால் நல்லது, மூன்று கட்டை ஒதுக்கினால் எண்ணிக்கை வளர இடமே இல்லை.

பிளாக்ஜாக்குக்கு மூன்றுக்கு இரண்டு என்று தராமல் ஆறுக்கு ஐந்து என்று தரும் மேசைகள் லாஸ் வேகஸில் இப்போது மிகுதி. 10 டாலர் பந்தயத்துக்கு 15 டாலர் வரவேண்டிய இடத்தில் 12 டாலரே வரும். ஏறத்தாழ 21 கைகளுக்கு ஒருமுறை அமையும் பிளாக்ஜாக்கில் ஒவ்வொரு முறையும் 0.3 அலகு போகிறது என்றால், காசினோவின் சாதகம் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கூடிவிடுகிறது. அதை ஈடுகட்டவே உண்மை எண்ணிக்கை கிட்டத்தட்ட 3 உயர வேண்டும். மேசை விரிப்பில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படித்துவிட்டு அந்த மேசையைக் கடந்து செல்லுங்கள்.

இன்சூரன்ஸ் கேட்கும்போது குழம்புகிறேன்

டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருக்கும்போது இன்சூரன்ஸ் எடுப்பது, மறைசீட்டு பத்து மதிப்புடையது என்று தனியாக வைக்கும் ஒரு பந்தயம். உங்கள் கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு மடங்கு தருவதால், மீதமுள்ள சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்துகளாக இருந்தால் மட்டுமே ஆதாயம். புதிய ஆறு கட்டில் அந்த ஏஸை நீக்கினால் 311-இல் 96, அதாவது 31 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஹை-லோவில் உண்மை எண்ணிக்கை +3 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடுக்கலாம், இல்லையேல் வேண்டாம். கையில் பிளாக்ஜாக் இருந்தாலும் விதி இதுவே.

எண்ணிக்கையைக் கொண்டு உத்தியை மாற்றும் இடங்கள் இன்னும் பல உள்ளன. தொடக்கத்தில் இன்சூரன்ஸோடு, டீலரின் பத்துக்கு எதிரே 16 இருந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்போது நிற்பது, 15 இருந்தால் +4-இல் நிற்பது ஆகிய இரண்டை மட்டும் கற்றால் போதும். நீண்ட பட்டியலைச் சுமந்துகொண்டு அடிப்படை உத்தியில் தவறுவோர் அதிகம்.

எண்ணிக்கை தாழ்ந்திருக்கும்போதும் பந்தயத்தை உயர்த்தத் தோன்றுகிறது

இது கணக்கில் உள்ள பிழை அன்று. ஆதலால் பயிற்சியால் தீராது. இழந்ததை உடனே மீட்க வேண்டும் என்ற உந்துதல் வந்துவிட்டால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள். உட்காரும் முன்பே, ஒவ்வொரு உண்மை எண்ணிக்கைக்கும் எவ்வளவு பந்தயம் என்பதை எழுதி மனப்பாடம் செய்துகொள்வது ஓரளவு தடுக்கும்: +1 வரை 1 அலகு, +2-இல் 2, +3-இல் 4, +4-இல் 6, அதற்கு மேல் 8. குடும்பச் செலவுக்கும் கடனுக்கும் உரிய பணம் இந்த அலகுகளுக்குள் ஒருபோதும் வரக்கூடாது. எழுதிய அளவை மீண்டும் மீண்டும் மீறுகிறீர்கள் என்றால் சீட்டு எண்ணுவது உங்களுக்கு உகந்ததல்ல. அதை விட்டுவிடுங்கள், நெருங்கியவர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

மேலாளர் வந்து ஆட வேண்டாம் என்கிறார்

மனத்தால் எண்ணுவது அமெரிக்காவில் குற்றம் அன்று. ஆனால் நெவாடா மாநிலத்தில், தாம் விரும்பாத ஆட்டக்காரரை வெளியேறச் சொல்லும் உரிமை காசினோவுக்கு உண்டு. சொன்ன பின்னும் திரும்பி வந்தால் அத்துமீறலாகும். நியூ ஜெர்சியில் நிலைமை வேறு: சீட்டு எண்ணுபவரான கென் யூஸ்டன் தொடுத்த வழக்கில் 1982-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காகக் காசினோ தானாகவே ஒருவரை விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே அம்மாநிலத்தின் காசினோ நகரான அட்லாண்டிக் சிட்டியில் வெளியேற்றுவதற்குப் பதிலாக, முன்கூட்டியே கலைப்பதும் பந்தய அளவைக் கட்டுப்படுத்துவதும் வழக்கம். எந்த ஊரானாலும் மேசையில் கைப்பேசிச் செயலியையோ வேறு கருவியையோ கொண்டு எண்ணாதீர்கள். நெவாடாவில் 1985 முதல் அது தண்டனைக்குரிய குற்றம். மேலாளர் கேட்டுக்கொண்டால் வாதிடாமல் சிப்புகளை எடுத்துக்கொண்டு, காசாளரிடம் மாற்றிக்கொண்டு வெளியேறுங்கள். அடுத்த முறை பந்தயத்தை ஒரே தாவலில் 1-இலிருந்து 8-க்குக் கொண்டுபோகாமல், இடையிலுள்ள படிகளின் வழியே உயர்த்துங்கள்.